வழுக்கிய சரிவு

ஊரில் பாதி வீடுகளின் வாசலில் பைக் ஏற்றும் சரிவு ஒரே கொத்தனார் போட்டதுதான். குட்டையாக, செங்குத்தாக இருக்கும். வண்டியை முடுக்கினால் ஒரே உறுமலில் ஏறிவிடும். புது நூலகத்துக்குச் சரிவு கேட்டபோதும் கை பழகிய வேலையையே செய்தார். கூடுதலாக, பார்க்கிறவர்கள் அசரவேண்டும் என்று பளபள டைல்ஸ் ஒட்டினார். அங்கே நூலகராகச் சேரப்போவது அவருடைய தங்கை, சக்கர நாற்காலியில் வருபவள். அவள் நாற்காலிக்கு எஞ்சின் கிடையாது என்பது மட்டும் அவர் மண்டையில் உறைக்கவில்லை.

திறப்பு நாளில் அக்கம்பக்கமே கூடியிருந்தது. தங்கை புதுப் புடவையில், சக்கரத்தில் மஞ்சள் ரிப்பன் சுற்றி, ராணி மாதிரி வந்தாள். சக்கரங்களைத் தள்ளித் தள்ளிப் பாதிச் சரிவு ஏறினாள். அப்புறம் டைல்ஸ் வழுக்கியது. நாற்காலி பின்னால் உருண்டது.

கொத்தனார் பாய்ந்து பிடித்தார். பழக்கதோஷத்தில் அவளை அப்படியே அள்ளித் தூக்கிவிட்டார். சிலர் கைதட்டினார்கள்.

"அண்ணா, இறக்கி விடு," என்றாள் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு.

நூலகக் குழுத் தலைவர் சிரித்தார். "அண்ணன்தான் இருக்காரே! தினமும் தூக்கி விட்டா போச்சு."

"அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தா நூலகத்துக்கும் லீவா சார்?" அண்ணன் இறக்கிவிட, நாற்காலியில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "நாற்காலியில வர்றதுல எனக்கு ஒரு வெட்கமும் இல்ல. என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறதுலதான் வெட்கம். நானா ஏற முடிஞ்சாத்தான் இந்த வேலை. அதுவரைக்கும் மேசையைக் கீழ கொண்டு வாங்க, இங்கேயே புத்தகம் கொடுக்கிறேன்."

மேசை கீழே வந்தது. தடியூன்றி நின்ற பெரியவர் ஒருவரும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருந்த பெண்ணும்தான் முதலில் வந்து நின்றார்கள். அவர்களாலும் அந்தச் சரிவில் ஏற முடிந்திருக்காது. கொத்தனாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கொன்றது. நேரே போய்ச் சம்மட்டியை எடுத்துவந்து, எல்லோரும் பார்க்க, தன் பளபளப்பைத் தானே உடைத்தார். புதுச் சரிவு எவ்வளவு நீளம் போகவேண்டும் என்று தங்கையையே நாற்காலியை நகர்த்திக் காட்டச் சொல்லி, சாக்குக்கட்டியால் கோடு போட்டார்.

சாயங்காலம் கொத்தனார் சம்மட்டியும் கையுமாகத் தங்கையோடு வீட்டுக்கு வந்தார். வாசலில் மூன்று படி. அவரே கட்டியவை. வழக்கம்போல் தூக்கக் குனிந்தவர், பாதியில் நின்றார். ஊருக்கெல்லாம் பைக் ஏறச் சரிவு போட்ட மனிதர். அந்த வாசலிலும் ஓரமாக ஒன்று இருந்தது, அவருடைய பைக்குக்கு.

"எனக்கும் ஒரு சரிவு போடுன்னு நீ ஏன் ஒரு தடவைகூட கேக்கல?" என்றார்.

தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"கேட்டேன் அண்ணா. நிறைய தடவை. 'நான்தான் இருக்கேன்ல'ன்னு சொல்லிச் சிரிப்ப."

அவருக்கு நினைவு வந்தது. சிரித்ததுகூட நினைவு வந்தது. அவளைத் தூக்கவும் முடியாமல், விட்டுவிட்டு உள்ளே போகவும் முடியாமல், சம்மட்டியோடு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.