தகப்பன் வழி வற்றிய மடி

1931ஆம் ஆண்டு ஜூன் எட்டாந் திகதி, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி இருபது நிமிடம். கண்டியில் தூறல், மேற்கிலிருந்து குளிர்காற்று. அந்த நேரத்தில்தான் என் வண்டிக் குதிரை ஒரு பெண்குட்டியை ஈன்றது. நான் அப்போது மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி. நோயாளர் வீடுகளுக்கு அந்தக் குதிரை பூட்டிய வண்டியில்தான் போய்வருவேன்.

முப்பத்தெட்டாவது நிமிடம் குட்டி எழுந்து நின்றது. மடியைக் கண்டுபிடித்தது. பிறகு அதை விட்டு நகரவேயில்லை. வயிறு நிறைந்த குட்டி குடித்ததும் படுத்துவிடும். இதுவோ ஒரு மணித்தியாலத்தில் பதினொரு தடவை காம்பைப் பிடித்து, பதினொரு தடவையும் தலையை உதறிக்கொண்டு விலகியது. நான் கறந்து பார்த்தேன். இரண்டு காம்பிலும் சேர்த்து மூன்று தேக்கரண்டிப் பால்.

தாய்க்கு உளுந்தும் வெந்தயமும் அவித்துக் கொடுத்தோம். பலனில்லை. குட்டிக்குப் பசும்பாலில் நீரும் சீனியும் கலந்து போத்தலில் புகட்டினேன். வயிற்றாலே போனது. செவ்வாய் மாலை அதன் பின்கால்கள் நடுங்கத் தொடங்கின. எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஒரு நோயாளியைப் பார்ப்பதும் லாயத்துக்கு ஓடுவதுமாக இருந்தேன்.

"இஞ்சருங்கோ, நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தால் பால் வருமே?" என்றாள் மனைவி. "கட்டுகஸ்தோட்டை நானாவைப் போய்க் கேளுங்கோவன். நாளைக்கும் இப்பிடியெண்டால் அது செத்துப்போம்."

எனக்குப் போக முகமில்லை. மூன்று வருடத்துக்கு முன் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அந்தக் குதிரையை வாங்கப் போனபோது நானாவைத் துணைக்குக் கூட்டிப்போயிருந்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் வாடகைக் குதிரைவண்டிகள் விட்ட முஸ்லிம் பெரியவர் அவர். நான் சுழிகளை எண்ணினேன், பல்லை எண்ணினேன், உயரம் அளந்தேன், தகப்பன் குதிரை எத்தனை பந்தயம் வென்றது என்று கேட்டேன். தாளில் பதினேழு குறிப்புகள். மடியைப் பற்றி ஒன்றுமில்லை. நம்மவர் யாரும் அதைக் கேட்பதில்லை.

நானா மட்டும் சொன்னார்: "ஐயா, இதுட வாப்பாக் குதிரைக்குப் பொறந்த பொட்டைகள் மூணு எனக்குத் தெரியும். மூணுக்கும் பால் இல்ல."

தோட்டத்து ஆட்கள் முன்னிலையில் நான் சிரித்தேன். "ஆண் குதிரை எப்ப நானா பால் குடுத்தது?"

புதன்கிழமை காலை பஸ் ஏறிக் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் நானாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"குட்டி ஈண்டு எத்தன நாள் ஐயா?"

"ரெண்டு நாளும் நாலு மணித்தியாலமும்."

"அந்த ஆம்புளக் குதிரைக்கிட்டயே கொஞ்சம் பால் கேட்டுப் பாத்திருக்கலாமே."

பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தனர். நானா அதற்குள் எழுந்து தன் குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதற்கு இரண்டு மாதக் குட்டி ஒன்று இருந்தது.

"இவட உம்மாவும் ஒரே நேரத்துல ரெண்டு குட்டிக்குப் பால் குடுத்தவ. இவ வண்டிக்குப் போகாட்டி ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபா தரணும்."

"தாறன்."

நண்பகலில் நானாவின் குதிரையும் அதன் குட்டியும் எங்கள் லாயத்தில் நின்றன. நானா தன் குட்டியின் வியர்வையைச் சாக்கால் துடைத்து, அதே சாக்கால் என் குட்டியைத் தலை முதல் வால் வரை தேய்த்தார். குதிரை முகர்ந்தது. உதைத்தது. மறுபடி முகர்ந்தது. மூன்றாம் முறை அசையாமல் நின்றது. என் குட்டியின் வாயோரம் பால்நுரை கண்டது. முதல் தடவையாக அது படுத்தது. நாற்பது நிமிடம் தூங்கியது. நாங்கள் இருவரும் இருமக்கூட இல்லை.

அந்த ஆண் குதிரைக்கும் ஒரு தாய் இருந்திருக்கும். அந்தத் தாயின் மடியைப் பற்றி எவரும் எழுதிவைக்கவில்லை. தன்னிடம் சுரக்காத ஒன்றையும் தகப்பன் மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பின்னர் அந்தக் குட்டி வளர்ந்தும் நான் அதை ஈனவிடவில்லை. நானா கண்ட மூன்று, என்னுடையது ஒன்று, ஆக நான்கு மடிகளை வைத்துத் தீர்மானித்தது சரிதானா என்று இன்றும் மனம் அரிக்கிறது.

நானாவின் குதிரை எழுபது நாள் நின்றது. கூலி நூற்றைந்து ரூபா. கொள்ளும் புல்லும் பதினான்கு ரூபா எழுபத்தைந்து சதம். மொத்தம் நூற்றுப் பத்தொன்பது ரூபா எழுபத்தைந்து சதம்.