அன்னக்கிளியின் படங்கு

வேலாமணியின் புருஷனுக்குக் காய்ச்சல் இறங்காததற்கு அன்னக்கிளியின் படங்குதான் காரணம் என்று தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். லயத்துக்குப் பின்னால் திறந்து கிடந்து நாறிய சாக்கடையின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

படங்கு என்பது தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்குத் துணி. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் அன்னக்கிளி கட்டியது அது. இரண்டு அரசாங்கங்கள் மேசை போட்டு உட்கார்ந்து மனிதர்களைப் பங்கு பிரித்தபோது, அவள் புருஷன் இந்தியாவுக்கு மனுப் போட்டான். தங்கை சின்னம்மையின் புருஷன் அங்கேயே இருக்க மனுப் போட்டான். அக்கா தங்கையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டி பானையை அந்தப் படங்கில் மூட்டை கட்டிக்கொண்டுதான் அன்னக்கிளி கப்பலேறினாள்.

நீலகிரியில் கட்டபெட்டுத் தோட்டத்துக்கு வந்த மறுவருஷம் புருஷன் இறந்துபோனான். அதற்குப் பிறகு அவளுக்கு இருந்த ஒரே துணை அடுத்த வீட்டு ராக்கம்மா.

ஞாயிற்றுக்கிழமைகளில் அன்னக்கிளி கூட்டிப் பெருக்கும் வீட்டில் தேவநேசன் என்ற கோயம்புத்தூர் ஓவியர் இருந்தார். சாயத்தோடு தகரம், கரிந்த பலகை, தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் என்று கண்டதையும் ஒட்டிப் படம் செய்கிறவர். பழைய சாக்கு கேட்டார். மூலையில் கிடந்த படங்கைக் கொடுத்துவிட்டாள்.

"கட்டின துணிய வாங்கி, தார் பூசித் தொங்கவிட்டிருக்கானாமே. செய்வினைக்கு வேற என்னடி வேணும்?" என்றாள் ராக்கம்மா. "திருப்பி வாங்கிட்டு வா. இல்லேன்னா என் வாசப்படிய மிதிக்காத."

அந்த வாசப்படியும் போனால் அன்னக்கிளிக்கு இந்த மலையில் யாருமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராக்கம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

தேவநேசன் தலையைச் சொறிந்தார். "ஒட்டிப்போட்டனுங்களே. பரவால்லீங்க, உங்க பொருள். பிச்சு எடுத்துக்குங்க."

படம் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது.

"மூஞ்சி எங்க, கைகால் எங்க? இதுக்குப் பேரு படமா?" என்று ராக்கம்மா முணுமுணுத்தாள்.

எங்கிருந்து உரிப்பது என்று அன்னக்கிளி கிட்டே போய்ப் பார்த்தாள். படங்கை இரண்டாகக் கிழித்திருந்தார். ஒரு பாதி இடது ஓரத்தில், தாரில் அமிழ்ந்து கிடந்தது. மறுபாதி வலது ஓரத்தில். அதில் சின்னம்மை சிவப்பு நூலில் போட்ட ஒட்டுத் தையல் அப்படியே இருந்தது. இரண்டுக்கும் நடுவே வெறும் சாம்பல் நிறம், அகலமாக.

"நடுவுல ஏங்க ஒண்ணுமே வைக்கல?"

"என்னென்னமோ வெச்சுப் பாத்தனுங்க. எதுவும் நிக்கல. எடுத்துட்டேன்."

உரிக்கப்போன கை நின்றுவிட்டது. தங்கையை நினைத்தால் இப்போதெல்லாம் அன்னக்கிளிக்கு முகம் வருவதில்லை. இந்தச் சாம்பல்தான் வரும். அது தன் தலைக்குள் மட்டும் இருப்பதாக நினைத்திருந்தாள்.

"இருக்கட்டும் அக்கா," என்றாள்.

"அடியே, அங்க ஒருத்தன் காய்ச்சல்ல கிடக்கான்."

"மாத்திரை வாங்கிக் குடுப்போம். சாக்கடைய மூடச் சொல்லிக் கேப்போம். இது இங்கயே இருக்கட்டும். உன் வாசப்படிய மிதிக்கலேன்னா மிதிக்கல."

ராக்கம்மாவின் மூக்கும் அந்தச் சாக்கடையை வருஷக்கணக்காக முகர்ந்ததுதான். மறுநாள் பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல், சாக்கடையை மூடச் சொல்லித் தோட்ட ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தார்கள். முதல் ஆளாக உட்கார்ந்தவள் ராக்கம்மா. அந்த வாரமே சாக்கடைக்குப் பலகைக்கல் வந்தது. வேலாமணியின் புருஷன் மாத்திரையில் எழுந்து உட்கார்ந்தான். மாத்திரைக்கு அடங்கும் செய்வினையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

இப்போது ஞாயிறுகளில் பெருக்கி முடித்ததும் அன்னக்கிளி சாயத் தண்ணியோடு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். சாயத் தண்ணி என்று அவள் சொல்வது பால் விடாத தேநீர். புதுப் படம் ஒன்றைத் தேவநேசன் திருப்பிக் காட்டினார்.

"இது சரியில்லீங்க. சந்தையாட்டம் நெருக்குது. அந்தத் தகரத்த எடுங்க."

எடுத்தார். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இப்ப மூச்சு விடுது."

கூடவே வந்து வாசலிலேயே நின்ற ராக்கம்மா எட்டிப் பார்த்தாள். "இதுலயும் மூஞ்சி இல்லையா?"

"உள்ள வந்து உக்காரு அக்கா," என்று அன்னக்கிளி நகர்ந்து இடம் விட்டாள்.