புளியமரத்தின் கைரேகை

பதினோரு வயதுவரை என் கல்வியின் பெரும்பகுதி மளிகைக் கடைப் பொட்டலங்களில்தான் நடந்தது. கடுகோ சீரகமோ, அம்மா டப்பாவில் கொட்டிய மறுநிமிடம் அந்தத் தாளை வாங்கிப் பிரித்து நீவிப் படித்துவிடுவேன். அந்தக் கால வார இதழ்களில் பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சினால் ஒரு துணுக்கைப் போட்டு நிரப்புவார்கள். வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும். ஈ உணவின் மேல் உட்காரும்போது வாந்தி எடுக்கும். கடைக்காரர் தாளை எங்கே கிழித்தாரோ அங்கே அறிவியல் நின்றுபோகும். மிச்சத்தை நானே முடித்துக்கொள்வேன். பாதி தெரிந்த விஷயத்தை முழு நம்பிக்கையோடு பேசும் பழக்கம் அப்போது வந்தது. அதற்குப் பிறகு எவ்வளவோ படித்தும் அது போகவில்லை.

வீட்டில் இதற்கு வரவேற்பு இல்லை. ஈயின் விஷயத்தை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னதற்கு எனக்கு அன்று சோறு கிடைக்கவில்லை. காது கொடுத்தவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. படிப்பை முடித்துவிட்டு நான்கு வருடங்களாக எங்கள் வீட்டில் உட்கார்ந்து எல்லா வேலைகளுக்கும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். வண்ணத்துப்பூச்சியைப் பற்றிச் சொன்னதும், கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப சாணியில கால வெச்சிட்டா இன்னா பண்ணும், பாவம்?" என்று கேட்டார். அப்படிக் கேட்பவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும்.

என் தொல்லை தாங்காமல் தலைமையாசிரியர் பள்ளி வராந்தாவிலிருந்த சின்னக் கரும்பலகையை எனக்கு ஒதுக்கித் தந்தார். 'தினம் ஒரு அதிசயம்' என்று தலைப்பிட்டு நான் எழுதுவேன். வகுப்பில் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த நேரம். எங்கள் ஊர் தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், சாலையை ஒட்டி இருந்தது. மரத்தை வெட்டிச் சாலையில் போட்டு மறித்தால் பஸ் நிற்கும். இரண்டு நாள் கழித்து ஓடும். எங்கேயோ சுட்டுவிட்டார்கள் என்று ஒருவர் சொல்வார், அதெல்லாம் இல்லை என்று இன்னொருவர் சொல்வார். பெரியவர்கள் தணிந்த குரலில் பேசினார்கள். நாங்கள் வந்தால் பேச்சு விவசாயத்துக்குத் திரும்பும்.

மாமா சாயங்காலக் கூட்டங்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவருக்கு வேலை வந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், வனக் காவலர் வேலை. போலீஸ் ஒருமுறை விசாரித்து நல்ல பிள்ளை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் சேர்ந்துவிடலாம். அம்மா அவரை வாசலைத் தாண்டவே விடவில்லை.

"எனக்கு வந்துடுச்சின்னு நா மட்டும் வூட்ல குந்திக்கினா, நாளைக்கு அவனுங்க மூஞ்சில எப்பிடிக்கா முழிக்கிறது?" என்று மாமா கேட்டார்.

"கேஸ்ல பேரு வந்துச்சின்னா வேல போச்சுடா. அப்புறம் யாரு மூஞ்சில முழிப்ப?" என்றாள் அம்மா.

இரண்டு நாள் கழித்து, காலையில் எழுந்தபோது மாமாவின் பாய் விரித்தபடியே கிடந்தது. அவர் பின்கட்டில் தொட்டி நீரில் இரண்டு கைகளையும் அமிழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கைகள் இரண்டிலும் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது. கோடாலி பிடித்துப் பழகாத கை. அப்பா ஒரு பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிவிட்டு, சைக்கிளைக் கொடுத்தார். கச்சிராயப்பாளையம் வழியாக மலையேறி, தெரிந்தவர் வீட்டில் இருந்துகொள்ளச் சொன்னார். என்னைப் பார்த்ததும், "மாமா எங்கன்னு யாரு கேட்டாலும் ஒனக்குத் தெரியாது. அது ஒண்ணு மட்டுமாவது தெரியாம இரு" என்றார்.

வெளியே வந்தால், பள்ளிக்கு எதிரே நின்ற புளியமரம் சாலையின் குறுக்கே படுத்திருந்தது.

நான் பயந்தது மரத்தைப் பார்த்தல்ல. முந்தின நாள் கரும்பலகையில் நான் எழுதி வைத்திருந்ததை நினைத்து. 'மனிதன் தொட்ட பொருள் எதுவானாலும் அதில் அவனுடைய கைரேகை பதிந்துவிடும். உலகில் இருவருக்கு ஒரே ரேகை இல்லை. குற்றவாளியைப் போலீசார் இதைக் கொண்டே' — இந்த இடத்தில் தாளை எண்ணெய் தின்றுவிட்டிருந்தது. 'ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடுவார்கள்' என்று நான் சேர்த்திருந்தேன்.

அழித்துவிடலாம் என்று ஓடினேன். பள்ளி வராந்தாவில் நான்கு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நின்றுகொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி என் கரும்பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்து, "நம்ம வேலய நமக்கே சொல்லித் தராங்கய்யா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். கைரேகை என்று ஒன்று இருப்பதே எங்கள் பக்கத்துப் போலீசுக்கு அதுவரை தெரியாது, நான்தான் தெரிவித்துவிட்டேன். மாமாவுக்கு இனி ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தையும் நானே நிர்ணயித்திருக்கிறேன் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பள்ளி விடுமுறை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் விளக்குக் கிருஷ்ணாயிலில் ஒரு துணியை நனைத்து, பைக்குள் வைத்து எடுத்து வந்தேன். ஜன்னலில் படிந்த எங்கள் கைக்கறையை அம்மா அப்படித்தான் துடைப்பாள். திரும்பி வந்தபோது ஜீப் போய்விட்டிருந்தது. ஒரே ஒரு போலீஸ்காரர், காலையில் கரும்பலகையைப் படித்தவர்தான், சாலையின் அந்தப் பக்கம் கிளை நிழலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

விழுந்த மரம் எவ்வளவு பெரியது என்பது துடைக்கப் போனால்தான் தெரியும். மாமா எங்கே தொட்டிருப்பார்? வெட்டும்போது கையை எங்கே ஊன்றியிருப்பார்? களைத்தபோது எங்கே சாய்ந்திருப்பார்? அடிமரத்திலிருந்து தொடங்கினேன். பட்டையில் துணி சிக்கிச் சிக்கிக் கிழிந்தது. இரண்டு முழம் துடைப்பதற்குள் என் ரேகை மரமெங்கும் விழுந்திருக்கும் என்ற புதுக் கவலை வந்தது. எனக்கு வேலை ஒன்றும் வரப்போவதில்லை, பரவாயில்லை என்று தொடர்ந்தேன்.

"ஏ பாப்பா. இன்னா அது, கிருஷ்ணாயில் நாறுது?"

போலீஸ்காரர் வெறுங்காலோடு ஓடிவந்து துணியைப் பிடுங்கிக்கொண்டார். "கொளுத்தறதுக்கு அனுப்ச்சாங்களா? யாரு அனுப்ச்சது?"

"யாரும் இல்லீங்க. தொடைக்கிறேங்க."

"மரத்தயா?"

"ஆமாங்க."

அவர் மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எதுக்கு?"

வேறொரு பொட்டலம் கைகொடுத்தது. வெட்டிய மரத்தின் வளையங்களை எண்ணினால் அதன் வயது தெரியும், அழுக்கு போனால்தான் வளையம் தெரியும் என்றேன். அவருக்கு அது நம்பும்படி இருந்ததோ, நாளெல்லாம் தனியாக மரத்தைக் காத்துச் சலித்திருந்தாரோ, குனிந்து எண்ண ஆரம்பித்துவிட்டார். எனக்கு அறுபத்து மூன்று வந்தது. அவருக்கு நாற்பதுகூட வரவில்லை. புளியமரத்தில் வளையம் சரியாகத் தெரியாது, நான் எண்ணியதில் பாதி கோடாலி வெட்டின் வரிகள் என்பதைப் பல வருடங்கள் கழித்து ஒரு புத்தகத்தில் படித்து, தனியாக வெட்கப்பட்டேன்.

"போர்டுல எழுதறது நீதானா?"

"ஆமாங்க."

"யாரு சொல்லித் தராங்க இதெல்லாம்?"

"பொட்டலத் தாள்ல வருங்க. எங்க மாமாதான் கேப்பாரு." மாமா என்ற சொல் வாயிலிருந்து வந்துவிட்டது. வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "எங்க மாமா ஊர்லயே இல்லீங்க. மலைக்குப் போயிட்டாரு. மரம் வுழறதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

அவர் கையிலிருந்த துணியை விரித்துப் பார்த்தார். அது எங்கள் அப்பாவின் பழைய வேட்டியின் மறுபாதி. அடிமரத்தில் எண்ணெய் படிந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் துணியை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார்.

"ஒண்ணு தெரியுமா ஒனக்கு? மரப்பட்டையில ரேகை நிக்காது. சொரசொரப்பு ஜாஸ்தி. ஒன் பொட்டலத்துல அந்த எடம் கிழிஞ்சி போயிருக்கும்."

எனக்கு நிம்மதியைவிடப் பெருமைதான் அதிகம். முதன்முறையாக ஒரு பெரியவர் பதிலுக்கு எனக்கு ஒரு துணுக்கு சொல்லியிருக்கிறார்.

"வூட்டுக்குப் போ. அந்தத் துணிய அடுப்பாண்ட வெக்காத."

பாதி வழியில்தான் உறைத்தது: மாமா எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காததற்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். அதன்பின் மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சைக்கிள் மணி கேட்டால் போலீஸ் என்று நினைத்தேன்; தபால்காரர் ஏன் இந்தப் பெண் தன்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறது என்று அம்மாவிடமே கேட்டார். பொட்டலங்களை மடித்தபடியே அடுப்பில் போட்டேன். கரும்பலகையில் வாய்ப்பாடு எழுதினேன். தலைமையாசிரியர் எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கான போலீஸ் விசாரணைக்கு வருகிறார்கள் என்று சொல்லி மாமாவை மலையிலிருந்து வரவழைத்திருந்தார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர் அதே போலீஸ்காரர். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் போனேன். அம்மா மோர் கொடுத்தாள். பெயர், படிப்பு என்று கேட்காததற்கும் சேர்த்து அப்பா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். குடும்ப வியாதி போலும்.

"மலைக்கு எப்ப போனீங்க?" என்று அவர் மாமாவைக் கேட்டார்.

மாமா வாயைத் திறந்தார்.

"மரம் வுழறதுக்கு முன்னாடியே போயிட்டீங்களாமே. பாப்பா சொல்லுச்சி. எங்க அது?"

என்னை இழுத்து வந்து நிறுத்தினார்கள். மாமா தன் உள்ளங்கைகளை முட்டிகளின்மேல் கவிழ்த்து வைத்திருந்தார். இவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறவரை எப்படிப் போலீசில் சேர்த்தார்கள் என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

"புதுசா இன்னா படிச்ச?"

மூன்று வாரமாக ஒன்றும் படிக்கவில்லை. பழையதில் ஒன்றைத் தேடி எடுத்தேன். "குதிர நின்னுக்கினே தூங்குங்க."

"இதுல இன்னா அதிசயம்? பந்தோபஸ்துக்குப் போனா நாங்களும் அப்பிடித்தான்" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து, மடியிலிருந்த தாளில் நிதானமாக இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு மடித்துக்கொண்டார். மாமா தெருமுனைவரை அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

நான் சொன்னதை ஒரு போலீஸ்காரர் அரசாங்கத் தாளில் எழுதிக்கொண்டு போகிறார் என்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. உள்ளே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். குதிரை நின்றபடி தூங்குவதற்கெல்லாம் ஒருத்தி இவ்வளவு அழுவாளா என்று எனக்கு விளங்கவில்லை.