வாழைக்குப் போன தண்ணீர்

நன்றாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால் தலையாட்டிவிடுவது என் பழக்கம். அந்தப் பழக்கத்தால் ஒருத்திக்கு வேலை போனது. இத்தனை வருஷத்தில் இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதுவது சொல்வதைவிடக் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

சுனாமி வந்த அடுத்த கோடை அது. மரக்காணத்தில் நாங்கள் வேலை செய்த உப்பளத்தில் பாத்தியெல்லாம் சேறு ஏறிக் கிடந்ததால் அந்த வருஷம் உப்பு வாரவில்லை. பாண்டி பஸ் ஏறிப் போய், கோட்டக்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் இருந்த ஒரு வீட்டில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் போகிற மாதிரி நாலு ரூம் கட்டி விட்டிருந்தார்கள். வீட்டம்மா சென்னைக்காரர், என் மகள் வயசுதான் இருக்கும். மேடம் என்போம். துணி துவைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட இடையஞ்சாவடியிலிருந்து ஒருத்தி சைக்கிளில் வருவாள். என்னை அக்கா என்பாள். நான் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் இனிமேல் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்த தண்ணீர் ஒரு பாட்டில். எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் மூன்று மாதம் புளிக்கவைத்து வடித்தது இன்னொரு பாட்டில். எல்லாம் அவர் கையாலேயே செய்தது.

“கழுவுற தண்ணி பூரா பின்னாடி வாழைக்குத்தாம்மா போகுது. மருந்து கலந்தா வாழை என்ன ஆகும்? இத வச்சு ஒரு மாசம் பாருங்க. சரியில்லன்னா தயங்காம சொல்லுங்க, வேற மாதிரி செஞ்சு பாக்கலாம்.”

நான் தலையாட்டினேன்.

தரைக்கு அந்தத் தண்ணீர் போதும். பாத்ரூமில்தான் அது ஆகவில்லை. நாலு ரூமிலும் மூலையில் பிடித்த பாசி அப்படியே இருந்தது. நுரை இல்லை, வாசனை இல்லை. எலுமிச்சைத் தண்ணீர் என் கை வெடிப்பில் இறங்கி எரிந்தது. சொல்லியிருக்கலாம், அவரே சொல்லச் சொன்னாரே. ஆனால் சரியில்லை என்றால், இவள் சரியாகத் தேய்க்கவில்லை என்றுதானே நினைப்பார் என்று எனக்குள் ஒரு பயம். அவர் கேட்கும்போதெல்லாம், “நல்லா இருக்குதுங்க” என்றேன்.

எங்கள் வீட்டில் போன வருஷத்து உப்பு ஒரு மூட்டை இருந்தது. உப்பளத்து வேலைக்காரி வீட்டில் உப்புக்கு என்ன பஞ்சம்? பாத்திரம், அம்மி, வாசற்படி எல்லாமே உப்புப் போட்டுத்தான் தேய்ப்போம். உப்பு மருந்து இல்லையே, தின்கிற பொருள்தானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தினமும் ஒரு டப்பா நிறையக் கல்லுப்பு எடுத்து, மஞ்சப்பையில் சோற்றுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனேன். தேங்காய் நாரில் உப்பைத் தொட்டுத் தேய்த்ததும் பாசி கழன்று வந்தது. மருந்து இல்லை என்றால் ஏன் சோற்றுக்கு அடியில் ஒளித்தேன்? அப்போது யோசிக்கவில்லை.

மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களையெல்லாம் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். “வெறும் பூந்திக்கொட்டை, எலுமிச்சைத் தோல்! இவங்களையே கேளுங்க.” நான் தலையாட்டினேன்.

“அக்கா கையில என்னாமோ மந்திரம் இருக்குது மேடம்,” என்று கல்லில் துணியை அடித்தபடியே அவள் கத்தினாள். “நான் போட்டா அந்தத் தண்ணி பெட்ஷீட்ட பாத்து நமஸ்காரம் பண்ணிட்டுப் போயிடுது. அழுக்கு அசையவே மாட்டேங்குது!”

அவளுக்கு மனதில் பட்டதைச் சொல்லத் தெரிந்தது. ஒருமுறை சோப்புத்தூள் பாக்கெட் ஒன்றை வாங்கிவந்து மேடத்திடம் மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே கடையில் திருப்பிக் கொடுத்தும் இருக்கிறாள்.

இரண்டாம் மாதம் வாழை இலை ஓரம் பழுப்பானது. பிறகு ஓரமே தீய்ந்து சுருண்டது. மேடம் பூச்சி என்றார், வெயில் என்றார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடல் உள்ளே வந்துபோன பிறகு எங்கள் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையெல்லாம் இப்படித்தான் ஓரத்திலிருந்து தீய்ந்தது. உப்பு ஏறிய மண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் நான். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றோடு உப்புக் கொண்டுபோவதை நிறுத்தினேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

இரண்டு வாழை சாய்ந்த அன்று மேடம் அவளைக் கூப்பிட்டார்.

“மறுபடியும் சோப்புத்தூள் போடறீங்களா?”

“இல்ல மேடம். என் புள்ளைங்க மேல சத்தியமா போடல.”

“அப்ப வாழை தானா செத்துச்சா? முன்னாடியும் நீங்கதானே கொண்டாந்தீங்க?”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்க சொல்லுங்க. தெனமும் கூடத்தான இருக்கீங்க? நான் எதுனா போட்டனா?”

துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். “எனக்குத் தெரியாதுங்க” என்றேன். எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார். அவள் ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் பேசாமல் போய் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அடுத்த நாலு நாள் அவள் வேலையும் எனக்கு வந்தது. குடம் குடமாக நல்ல தண்ணீரை வாழைக்கு ஊற்றினேன். உப்பு இறங்கிப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல. ஐந்தாம் நாள் மேடத்தின் சிநேகிதிகள் வந்திருந்தார்கள். “எப்படித் தேய்க்கறீங்கன்னு இவங்களுக்குக் காட்டுங்கம்மா” என்று என் கையில் அந்தப் பாட்டிலைக் கொடுத்தார். என்னால் திறக்க முடியவில்லை. மஞ்சப்பையை எடுத்துவந்து தரையில் கொட்டினேன். இன்னும் அதிலேயே கிடந்த டப்பாவின் அடியில் பழைய உப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“இதாங்க போட்டேன். அந்தப் பாட்டில் தண்ணி பாசிய ஒண்ணும் பண்ணல. வாழ செத்ததும் இதாலதாங்க.”

மேடம் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “ஏம்மா, இது சரியில்லன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே,” என்று மட்டும் கேட்டார். பிறகு, “அவங்க வீடு தெரியுமா?” என்றார்.

இரண்டு பேரும் இடையஞ்சாவடிக்கு ஆட்டோவில் போனோம். நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எல்லோர் முன்னாலும் மேடம், “தப்பு என்னுதுதான், விசாரிக்காம சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க, நாளைக்கே வாங்க” என்றார். நடந்ததையும் மறைக்காமல் சொன்னார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

“விடுங்க மேடம், உங்களுக்கு எப்படித் தெரியும்? வர்றேன்,” என்று மடியில் இருந்த தோலை உதறிக்கொண்டு எழுந்தாள். பிறகு மேடத்தைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியும் இல்லக்கா?”

உரித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. வழக்கம்போலத் தலையாட்டினேன்.

“வாயத் தொறந்து சொல்லுங்க.”

“தெரியும்,” என்றேன்.

“என்னா? கேக்கல.”

இன்னொரு தடவை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டியதாயிற்று.