குனிய முடியாத வருஷங்கள்

ஜப்பான்காரர்கள் வருவதற்கு முந்தைய வருஷம், சிராங்கூன் ரோட்டுக் கடைவீட்டின் மாடிப்படியில் தண்ணீர் வாளியோடு வழுக்கி விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை என்றதும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். என் இடுப்பு மறக்கவில்லை. கொஞ்ச நாளில் வலி இடது தொடை வழியாக இறங்கிப் பாதம் வரை வந்தது. தைலம் தேய்த்தாயிற்று, உப்பு ஒத்தடம் கொடுத்தாயிற்று, தேக்கா மார்க்கெட்டில் ஆளாளுக்குச் சொன்ன கஷாயமும் குடித்தாயிற்று. உட்கார்ந்தால் எழ முடியாது. எழுந்தால் நிமிர முடியாது.

ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு, குனிய முடியாததுதான் பெரிய தொல்லையாகிவிட்டது. தெருமுனையில் துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாயைக் கடக்கிறவர்கள் இடுப்பை மடித்து வணங்க வேண்டும். ஒருநாள் காலையில் நானும் என் வீட்டுக்காரரும் அரிசி வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவர் குனிந்தார். எனக்குத் தலை மட்டும்தான் தாழ்ந்தது. சிப்பாய் கத்தினான். இவர் என் இடுப்பைக் காட்டி, "சாக்கிட், சாக்கிட்" என்று மலாயில் வலியைச் சொல்லிப் பார்த்தார். அவன் இவரை ஓங்கி அறைந்தான். மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ச் சாக்கடையில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "இனிமே தைலமெல்லாம் வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் பண்ணிடலாம்."

"என் வலி போகணும்னு சொல்றீங்களா, இல்ல அவனுக்கு முன்னால நான் வளையணும்னு சொல்றீங்களா?"

அவர் கன்னம் இன்னும் சிவந்திருந்தது. மேற்கொண்டு சண்டை போட எனக்கும் மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த சர்ஜன் யாழ்ப்பாணத்தார். என் காலைத் தூக்கிப் பார்த்தார், பாதத்தில் ஊசியால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் பேச ஆரம்பித்தார். முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். வெட்டி எடுக்கலாமாம்.

"டாக்டர், முதுகு என்னோடது. எங்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் கொஞ்சம் திகைத்து என் பக்கம் திரும்பினார். "சரி அம்மா. கால் நோ குறையலாம். முதுகு நோவும் போகுமெண்டு நான் பொய் சொல்ல மாட்டன். நல்லாக் குனியலாமோ எண்டு கேட்டா, அதுவும் தெரியாது. புண்ணில சீழ் பிடிச்சா குடுக்க என்னட்ட மருந்தும் இல்லை."

"அப்ப ஆபரேஷன் இல்லாம?"

"பயிற்சி செய்து பாக்கலாம். கன நாள் எடுக்கும். பாரம் தூக்கக் கூடாது."

அந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தவள் அங்கே நர்ஸாக இருந்த ஒரு சீன மிஸ்ஸி. பாயில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக மார்புக்கு இழுக்க வேண்டும். பிறகு இடுப்பை மெல்ல மேலே தூக்கி இறக்க வேண்டும். நான் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் "பெலான், பெலான்" என்பாள். மெதுவாக, மெதுவாக. நல்ல பெண்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாரம் தூக்கக் கூடாது என்றால் தண்ணீரை யார் தூக்குவது? குழாய் கீழே, நாங்கள் மாடியில். ஆம்பிளை குழாயடியில் வாளியோடு நின்றால் சிரிப்பார்கள் என்றார் என் வீட்டுக்காரர். காலையில் பாயில் கிடந்து நான் சம்பாதித்த சுகத்தை, பத்து மணிக்குள் வாளியும் விறகும் அரிசி வரிசையும் பிடுங்கிக்கொள்ளும். மாதக்கணக்கில் இதே கதை. "பயிற்சி பண்றியா?" என்று மட்டும் தினமும் தவறாமல் கேட்பார்.

கடைசியில் நானேதான் சொன்னேன், ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் இழுபறி அலுத்துவிட்டது. எதுவோ ஒன்று, நான் முடிவு செய்ததாக இருக்கட்டும் என்று தோன்றியது.

வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு படுக்கையில் காத்திருந்தேன். தள்ளுவண்டி வரவில்லை. மத்தியானம் சர்ஜனே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மயக்க மருந்து முழுக்கப் பட்டாளத்துக்கெண்டு எடுத்துட்டினம். இருக்கிறது பிள்ளைப்பேறு, விபத்துக்கு மட்டும்தான். வீட்ட போங்கோ அம்மா."

"எப்ப வரட்டும்?"

"சொல்லத் தெரியேல்ல."

எத்தனையோ நாள் முட்டி மோதி எடுத்த முடிவு. அதைப் பறித்துக்கொள்ள இரண்டு வாக்கியம் போதுமாக இருந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் காட்டுவது? அந்த மனுஷர் என்ன செய்வார்? திரும்பும் வழியில், நடுரோட்டில் நின்று என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். "இனிமே ஒரு சொட்டுத் தண்ணி நான் தூக்க மாட்டேன். தாகம் எடுத்தா நீங்களே போய்த் தூக்குங்க!"

மறுநாளிலிருந்து தூக்கினார். பாதியைப் படியிலேயே சிந்துவார், மீதி பாதியை முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து வைப்பார். குழாயடிப் பெண்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். அந்த நேரத்தில் நான் பாயைவிட்டு எழாமல் பயிற்சி செய்தேன். சிப்பாய் நிற்கும் முனையைத் தவிர்த்துச் சந்து வழியாகச் சுற்றிப் போகப் பழகினேன்.

கால் வலி குறைய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. நல்ல நாள் இரண்டு வந்தால் கெட்ட நாள் ஒன்று வரும். வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு அதே சர்ஜனைப் போய்ப் பார்த்தேன். இப்போது மருந்து இருக்கிறது, ஆனால் இனி வெட்டத் தேவையில்லை என்றார். "பயிற்சியாலயா சரியாச்சு?" என்று கேட்டேன். இருக்கலாம், சிலருக்குத் தானாகவும் குறையும் என்றார். நேரான பதில் அன்றும் கிடைக்கவில்லை.

இடுப்பு வலி இன்னும் இருக்கிறது. செருப்பு வாரை மாட்ட நாற்காலி வேண்டும். உறவுக்காரர்கள், "நல்லவேளை, கத்தி படாம தப்பிச்சீங்க" என்கிறார்கள். எனக்கு எரிச்சல் வரும். நான் தப்பிக்கவில்லை. கத்திக்குச் சம்மதித்துப் பட்டினியோடு காத்துக் கிடந்தவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான்.