அண்ணனுக்குப் போட்ட நாற்காலி

பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணை டெப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹாரன் என்றால்தான் தெரியும். ஒரு தடவை வண்டியின் ஹாரன் பழுதானபோது, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் குரல் கொடுத்தே வழி வாங்கி, எல்லாப் பிள்ளைகளையும் நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கினாள். பட்டப்பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவள் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாள். மகளும் பிழைத்துக் காட்டினாள்.

அந்த வாய் ஒரே ஒரு நாள் பலிக்காமல் போனது. அது ஒரு வாக்குப்பதிவு நாள். லிப்ட் மெக்கானிக்கான கணவனோடும் மகளோடும் அவள் அப்போதுதான் புது அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறியிருந்தாள். சாவடியில் தேடினார்கள், பெயர் இல்லை. பழைய முகவரிக்கான சாவடிக்கு ஓடினாள், அங்கே நீக்கிவிட்டார்களாம். திரும்பி வந்து அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரி பாவம், மேஜைக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

தொண்டை வறண்டு வெளியே வந்தவளை வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கூப்பிட்டு உட்கார வைத்தார். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். எந்தக் கட்சியையும் சேராத வாக்காளர் மன்றம் ஒன்றை நடத்திவந்தார். ஊர் முழுக்க அவரை எக்ஸ்ரே அக்கா என்பார்கள். தண்ணீர் கொடுத்து, முழுக் கதையையும் கேட்டார்.

"நீங்க நல்லா கத்துனீங்க. இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"கத்தி என்ன புண்ணியம்? ஓட்டு போச்சே!"

"உங்க குடியிருப்புல எல்லாருமே புதுசாத்தானே வந்திருக்காங்க? மத்தவங்க பேரெல்லாம் இருக்கா?"

அவள் அதை யோசித்தே பார்த்திருக்கவில்லை. அன்று மாலை வீடு வீடாகக் கேட்டபோது, அவளுடைய மாடியில் மட்டும் பாதிப் பேருக்கு அதே கதை. அடுத்த வாரமே மன்றத்தில் சேர்ந்துவிட்டாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு மாலை டிரிப் வரும்வரை அவளுக்கு நேரம் கிடக்கிறது. மாடி மாடியாக ஏறி, குடிவந்தவர்களின் பெயரைச் சேர்க்க விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதுதான் வேலை.

மாடி ஏறுவது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. வாயை மூடிக்கொண்டு ஏறுவதுதான் கஷ்டம். அவள் பிறந்த வீடு அப்பா காலத்திலிருந்தே ஒரு கட்சியில் ஊறிய வீடு. மன்றத்தின் முதல் விதியோ, வேலையில் இருக்கும்போது கட்சிப் பேச்சே கூடாது என்பது. மூன்றாவது மாடியில் ஒரு முடிதிருத்துபவர் இருந்தார். கதவைத் திறந்ததும், தான் எந்தக் கட்சி என்று பெருமையாகச் சொன்னார். அது அவள் வீட்டுக்கு எதிர்க்கட்சி. அவ்வளவுதான், விண்ணப்பம் மறந்து போனது. படிக்கட்டில் நின்றபடியே அந்தக் கட்சியின் பூர்வீகத்தையெல்லாம் இழுத்துவிட்டாள். அவர் படாரென்று கதவைச் சாத்தினார்.

விஷயம் எக்ஸ்ரே அக்கா காதுக்குப் போனது. அவர் திட்டவில்லை. மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு அதே மூன்றாவது மாடிக்குப் போனார்.

படி ஏறும்போது கேட்டார், "அவர் யாருக்குப் போட்டா உனக்கென்ன?"

"அதெப்படிக்கா சும்மா இருக்கறது?"

"அவர் போடணும். அது மட்டும்தான் நம்ம வேலை. மத்ததெல்லாம் உன் வீட்டுல வச்சுக்கோ."

அவள் மன்னிப்புக் கேட்டாள். பழக்கமில்லாத காரியம், அதனால் அதையும் உரக்கவே கேட்டாள். எதிர்வீட்டுக் கதவுகூடத் திறந்தது. முடிதிருத்துபவர் சிரித்துவிட்டார். "உள்ள வாம்மா, இல்லன்னா நான்தான் உன்னை அடிச்சேன்னு நெனைப்பாங்க" என்றார். அவருக்கும், அவர் மனைவிக்கும், கட்டிலோடு இருந்த மாமனாருக்கும் அவளே விண்ணப்பம் எழுதினாள். எழுதி முடிக்கும்வரை வேறு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதுவரை அடக்கி வைத்ததையெல்லாம் கணவனிடம் கொட்டினாள். அவர் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை பழகியவர். பேச்சு முடியும்வரை தலையாட்டினார்.

இப்படி வருஷம் ஒன்று ஓடியது. நகர மன்றத் தேர்தல் வந்தது. அவர்கள் வார்டில் போட்டியிடும் எல்லாரையும் ஒரே மேடையில் உட்கார வைத்து மக்கள் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்றை நடத்த மன்றம் முடிவு செய்தது. வேட்பாளர்களை அழைக்கும் பொறுப்பை ஹாரன் ஏற்றுக்கொண்டாள். அந்த வாரமே அவளுடைய சொந்த அண்ணன் வேட்பாளர் ஆனான்.

அண்ணன் ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். அப்பா திடீரென்று போனதும் படிப்பை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவன். அவள் கனரக வண்டி ஓட்டக் கற்கப் போகிறேன் என்றபோது வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்ள, "அவ ஓட்டட்டும், இடிச்சா பாத்துக்கலாம்" என்றவன் அவன் ஒருவன்தான்.

அவள் நேரே எக்ஸ்ரே அக்காவிடம் போனாள். "அக்கா, என்னை இதுல இருந்து விட்டுடுங்க. அண்ணன் நிக்கிறான்."

அக்கா விடவில்லை. "கேள்வி, நேரம் பாக்கறது, அந்தப் பக்கம் நீ வராதே. விதிமுறையைச் சொல்லு, மேடையில நாற்காலி போடு, தண்ணி வை. மத்த ரெண்டு வேட்பாளர்கிட்டயும் விஷயத்தைச் சொல்லிடுவோம். நாற்காலி போடறதுல என்ன கட்சி இருக்கு?"

இருந்தது. விதிமுறையில் ஒன்று: அழைத்தும் வராத வேட்பாளருக்கும் பெயர் அட்டையோடு நாற்காலி போடப்படும். அது காலியாகவே இருக்கும். அண்ணன் வர மறுத்துவிட்டான்.

முதலில் போனில் வந்தது அண்ணி. "சொந்த அண்ணனுக்குக் காலி நாற்காலி போட்டு ஊரே பாக்க வைக்கப் போறியாமே? உனக்கு மனசு எப்படி வருது?"

"அண்ணி, யார் வராட்டாலும் அப்படித்தான் போடுவோம்."

"யாரோவும் அண்ணனும் ஒண்ணா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. அவள் அன்று மாலை டிரிப்பில் பிள்ளைகளிடம்கூடப் பேசவில்லை. "அக்காவுக்குத் தொண்டை வலியா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

வண்டியை விட்டுவிட்டு அண்ணன் கடைக்குப் போனாள். பெயின்ட் வாசனையும் இரும்பு வாசனையும் கலந்த அந்தக் கடையின் பின்னறையில், பிளாஸ்டிக் குழாய்கள் சாத்தியிருந்த சுவரோரம் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஏண்ணே வரமாட்டேங்கிற?"

"பாப்பா, உன்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. எழுதிக் கொடுத்தா பேசிடுவேன். எழுந்து நின்னு எவனாவது கேள்வி கேட்டா? எந்தக் குழாய்க்கு எந்த மூட்டுன்னா தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். நகர மன்றத்துல எது யாரு கையில இருக்குன்னு எனக்குச் சத்தியமா தெரியாது."

"அப்போ தெரியாதுன்னு சொல்லு."

"வேட்பாளர் தெரியாதுன்னு சொன்னா எவன் ஓட்டுப் போடுவான்?"

எந்தத் தெருக்காரர்கள் எதைக் கேட்பார்கள் என்று மாடி ஏறி இறங்கிய அவளுக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் அண்ணன் ஓர் இரவில் பாடம் பண்ணிவிடுவான். நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டாள். "கூட்டம் மூணு மணிக்கு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லலாம், அது தப்பில்ல. இதுக்கு மேல நான் பேசக்கூடாது" என்று எழுந்துவிட்டாள்.

கடை வாசலுக்கு வந்ததும் ஓர் உறுத்தல். அண்ணனுக்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டோமோ? அங்கேயே நின்று மற்ற இரண்டு வேட்பாளர்களுக்கும் போன் போட்டாள். "தெரியாத கேள்வி வந்தா தெரியாதுன்னு சொல்லலாம், தப்பில்லைங்க. எங்க அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன், அதான் உங்களுக்கும் சொல்றேன்." ஒருவர் பேக்கரி முதலாளி. "எனக்குத் தெரியாதது இந்த வார்டுல என்னம்மா இருக்கு?" என்றார். இன்னொருவர் பிசியோதெரபி செய்யும் இளம்பெண். அவள் நிம்மதியாகச் சிரித்தாள். "ரொம்ப தேங்க்ஸ்க்கா, அதை நெனச்சுத்தான் பயந்துட்டிருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் வாசிப்பறையில் அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி இடம் பண்ணினார்கள். ஹாரன் மேடையில் மூன்று நாற்காலி போட்டாள். நடுவில் இருந்தது அண்ணனுடையது. பெயர் அட்டையை இரண்டு தடவை எடுத்து நேராக்கி வைத்தாள். கூட்டம் தொடங்கியதும் காலி நாற்காலியைச் சிலர் போனில் படம் எடுத்தார்கள். கடைசி வரிசையில் அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு கேள்வி முடிந்திருக்கும். கதவு திறந்தது. அண்ணன் வந்தான். இவ்வளவு நேரமும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுகொண்டிருந்தானாம், பிறகு தெரிந்தது. யாரையும் பார்க்காமல் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அடுத்து எழுந்தவர் மூன்றாவது மாடி முடிதிருத்துபவர். "சலவைக்கடைக்குப் பின்னால இருக்கற பள்ளத் தெருவுல மழை வந்தா என் கடைக்குள்ள முட்டிவரைக்கும் தண்ணி. அந்தக் கால்வாயைச் சுத்தம் பண்ண வேண்டியது யாரு? நகர மன்றமா, சாலைத் துறையா? நான் ரெண்டு இடத்துலயும் கேட்டுட்டேன், ரெண்டு பேரும் அடுத்தவங்களைக் கை காட்டறாங்க."

பேக்கரி முதலாளி அந்தத் தெருவின் மேல் தனக்குள்ள பாசத்தை, நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை விவரித்தார். பிசியோதெரபி பெண், கால்வாய் நகர மன்றத்துடையது என்று நினைப்பதாகவும், உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னாள். மைக் அண்ணனிடம் வந்தது.

"தெரியாதுங்க" என்றான்.

அறையில் ஒரு சலசலப்பு. யாரோ சிரித்தார்கள்.

அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "இத்தனை வருஷமா குழாய் விக்கிறேன். தண்ணி கடைசியில எங்க போய்ச் சேருதுன்னு ஒரு நாளும் நான் போய்ப் பாத்ததில்ல. பாத்துட்டு வந்து சொல்றேன்."

முடிதிருத்துபவர் உட்காரவில்லை. "ஜெயிச்சா மட்டும் சொல்வீங்களா, தோத்தாலும் சொல்வீங்களா?"

"எதுவானாலும் சொல்றேங்க."

யாரோ கை தட்ட, இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். வாக்காளர் மன்றத்துக்காரர்கள் கை தட்டக்கூடாது. ஹாரன் தண்ணீர்க் குடத்தை இரண்டு கைகளாலும் இறுகக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியதை எக்ஸ்ரே அக்கா பார்த்தார், பார்க்காதது போல் அடுத்த கேள்விக்குப் போனார்.

வாக்குப்பதிவு அன்று நடக்க முடியாதவர்களை வேனில் கூட்டிப்போகும் வேலை அவளுடையது. வண்டிக்குள் வேட்பாளர் பேச்சு கிடையாது. அதனால் முட்டிவலியைப் பற்றியும் மருமகள்களைப் பற்றியும் அவ்வளவு பேச்சு நடந்தது. முடிதிருத்துபவரின் மாமனாரை அவளும் அவள் கணவனும் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். புதுக் குடியிருப்பிலிருந்து வந்தவர்களின் வரிசை சாவடி வாசலைத் தாண்டித் தெருமுனைவரை நின்றது. ஒருவரையும் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பவில்லை. அந்த வரிசையைப் பார்ப்பதற்காகவே அவள் வேனைச் சற்று மெதுவாக ஓட்டினாள்.

பிசியோதெரபி பெண் ஜெயித்தாள். அண்ணன் இரண்டாவதாக வந்தான்.

தோற்றவன் முடங்கிவிடுவான் என்று அண்ணி பயந்தாள். அவனோ முட்டிவரை பேன்ட்டை மடித்துக்கொண்டு முடிதிருத்துபவரோடு கால்வாய் ஓரமாக நடந்தான். கால்வாய் நகர மன்றத்தினுடையது, அது சாலைக்கு அடியில் போகும் குறுகலான பகுதி சாலைத் துறையினுடையது, அடைப்பு சரியாக இரண்டும் சேரும் இடத்தில். அதனால்தான் இரண்டு பேரும் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். பொதுமக்கள் பேசலாம் என்ற நேரத்தில் நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று, எழுதி வைத்துக்கொள்ளாமல் அதைச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த புது உறுப்பினர், அவனை ஜெயித்த அதே பெண், இரண்டு துறைக்காரர்களையும் அந்த இடத்துக்கு வரவழைத்தாள். மழைக்கு முன் பாதி வேலைதான் முடிந்தது. அந்த வருஷம் கடைக்குள் தண்ணீர் கணுக்கால் அளவோடு நின்றது. மீதிக்கு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணி வெகுநாள் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வீட்டுக்கே வந்து, கதவருகில் நின்றபடி, "என் தங்கச்சி குடும்பம் இங்க மாறி வந்திருக்கு. பேரு சேக்கணுமாம், வந்து எழுதிக் கொடு" என்றாள். ஹாரன் உள்ளே கூப்பிட்டாள். அண்ணி வந்து உட்கார்ந்தாள். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

அண்ணனுக்கு மட்டும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. நகர மன்றக் கூட்டம் முடிந்து ஒரு நாள் படியில் இறங்கும்போது கேட்டுவிட்டான்.

"பாப்பா, யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எனக்கா போட்ட?"

"அது எனக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்கற விஷயம்."

"கூடப் பொறந்தவன்கிட்டகூட சொல்லமாட்டியா?"

"ஊருக்கே கேக்கற குரல் எனக்கு. இது ஒண்ணுதான் நான் சத்தமில்லாம செஞ்சது, அதையும் கெடுக்காத."

அண்ணன் சிரித்துக்கொண்டே அவள் தலையில் குட்டினான். அவனுக்குக் கடை திறக்க வேண்டும், அவளுக்கு மாலை டிரிப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. ரயிலடிப் பக்கம் ஒரு விடுதியில் வெளியூர் நர்சுகள் நிறையப் பேர் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். விண்ணப்பக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.