மஞ்சள் அடித்த தெரு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கம்பத்தில் திராட்சைப் பெட்டி சுமந்த தோள் இது. அந்தத் தோளை வைத்துத்தான் சுருளிப்பட்டி ரோட்டுப் பக்கம் ஒரு தெருவையே உண்டாக்கினேன். இப்படிச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கருவேலம் மண்டிக் கிடந்த இடம். நான் முதல் வீடு கட்டிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. இன்றைக்கு அங்கே ஆறு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். என்னோடு பள்ளிக்கூடம் போய் முழுசாகப் படித்தவன் எவனும் ஒன்றுக்கு மேல் கட்டவில்லை.

இரண்டாவதாக வந்தவன் ஒரு ஜீப் மெக்கானிக். இடம் காட்டியதே நான்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் சாயங்காலம் மலையிறங்கியதும் நேராக அவன் ஷெட்டுக்கு வரும். பிரேக்கோ கிளட்சோ, இருட்டுவதற்குள் முடித்துக் கொடுப்பான். மறுநாள் விடியுமுன் வண்டி மறுபடி ஏறியாக வேண்டும். ஜீப் ஸ்டாண்டு கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவன் பிழைப்பே அந்தத் தூரத்தில்தான் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஊருக்குப் புது மாஸ்டர் பிளான் போட்டார்கள். வரைபடத்தை நகராட்சி ஆபீஸில் மாட்டி, ஆட்சேபனை சொல்ல நாளும் குறித்தார்கள். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் ஓடும். நிறம் தெரியாதா? எங்கள் தெரு முழுக்க மஞ்சள். மஞ்சள் என்றால் குடியிருப்பு. தொழிலுக்கு ஊதா. அது லோயர் கேம்ப் ரோட்டில் வெகுதூரம் தள்ளி ஒரு துண்டு. தெருக்கடைசியில் எனக்கு நிலம் இருந்தது. மஞ்சளானால் அதை மனை போட்டு விற்கலாம். சந்தோஷமாகத் திரும்பினேன்.

"அண்ணே, நம்ம ஷெட்டு என்ன கலரு?" என்று மெக்கானிக் கேட்டான்.

"மஞ்சத்தேன்."

"மஞ்சள்ல வெல்டிங் வைக்க விடுவாகளா?"

"ஏலே, இருக்குற ஷெட்ட எவன் கேக்கப் போறான்? நான் இங்கன இருக்கேன்ல?"

அவனுக்கு மனசு ஆறவில்லை. காலேஜ் படிக்கும் மகளிடம் சொல்லி, பட்டறையும் இருக்க வழிவிட வேண்டும் என்று ஒரு மனு எழுதி வாங்கி வந்தான். "நீங்க கொடுத்தா மரியாதையா வாங்குவாக அண்ணே" என்றான். உண்மைதான். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நானே போனேன்.

மனுவைப் படித்த குமாஸ்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத வாங்குனா தெருவே திரும்பப் பரிசீலனைக்குப் போகும், பெரியவரே. ஒங்க மனைக்கு அப்ரூவலும் அதுவரைக்கும் நிக்கும். அப்புறம் என்னைய வையக்கூடாது. சீல் வைக்கட்டுமா?"

"பெறகு வாரேன்" என்று திரும்ப வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். அவனிடம், கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

மனைகள் நினைத்ததைவிட வேகமாகப் போயின. அதில் ஒன்றை வாங்கி வீடு கட்டியவரே, வெல்டிங் புகையும் சத்தமும் தாங்கவில்லை என்று எழுதிப் போட்டார். அடுத்த தடவை மெக்கானிக் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது, குடியிருப்புப் பகுதியில் பட்டறை கூடாது என்றார்கள். அவன் ஊதாவுக்குப் போனான்.

டிரைவர்கள் அங்கே போகவில்லை. மலையிறங்கி அலுத்து வந்து ஸ்டாண்டில் ஆளை இறக்கிவிட்டவன் மறுபடி அத்தனை தூரம் எதற்கு ஓட்டுவான்? "ஏன் மாமா, இதுக்குக் குமுளியிலயே கடையப் போட்டுருக்கலாம்ல?" என்று ஒருத்தன் கேட்டானாம். மெக்கானிக்கே சிரித்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னான். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தான். பிறகு கம்ப்ரஸரை விற்றான். அவன் பெண்சாதி ஏலக்காய் பறிக்க ஜீப் ஏறினாள். மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடையில் நின்றாள்.

போன தை மாதம் என் வீட்டுக்கு வந்தான். பழைய ஷெட் இடத்தை விற்க வேண்டுமாம்.

"வேற ஆளுக்குக் கொடுக்க மனசில்லண்ணே. எனக்காக ஆபீஸ் வாசப்படி ஏறுனீக. அவுக கேக்கலைன்னா நீங்க என்ன செய்வீக? வெலைய நீங்களே சொல்லுங்க."

எந்தப் பேரத்திலும் வாய் தடுமாறாதவன் நான். அன்றைக்கும் தடுமாறவில்லை. கூட்டிச் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் மார்க்கெட் விலைக்குக் குறைத்துத்தான் சொன்னேன். அவன் என்னைக் கும்பிட்டுவிட்டு, பத்திரம் எடுத்துவர வீட்டுக்குப் போனான்.